அப்பாவைப் படகில் ஏற்றினேன்

என்னை அந்த ஆட்ட அணியில் சேர்த்தது நான் நன்றாக ஆடுவேன் என்பதற்காக அல்ல. பலெர்மோ நகரின் சீசா பகுதியில் எங்கள் பங்குக் கோயிலின் மண்டபத்தைத் துப்புரவு செய்து பூட்டுகிறவர் என் அம்மா. மண்டபத் திறப்பு எங்கள் வீட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். அணிக்கு ஒத்திகை பார்க்க இடமில்லை. இவ்வளவுதான் விஷயம். இது எனக்கு விளங்க மூன்று மாதம் எடுத்தது. விளங்கிய பிறகும் நான் விலகவில்லை.

அணி என்றால் குஜராத்தி ஆட்ட அணி. இந்தியாவிலிருந்து பலெர்மோவுக்கு மேற்படிப்புக்கு வந்த மாணவர்கள் தொடங்கியது. இரண்டு கோல்களை அடித்து ஆடும் தாண்டியாவையும் கை தட்டிச் சுற்றி ஆடும் கர்பாவையும் கலந்து, எட்டு நிமிடத்துக்குச் சுருக்கி, நடுவர்களுக்கு முன்னால் ஆடிப் புள்ளி வாங்குவதுதான் நோக்கம். மிலானில், தூரினில், ரோமில் எல்லாம் பல்கலைக்கழக மாணவர்கள் இப்படி அணி வைத்திருந்தார்கள். ஓர் அணிக்குப் பதினான்கு பேர் வேண்டும். எங்களிடம் குஜராத்திகள் ஐந்து பேர்தான். மிச்ச இடங்களைப் பஞ்சாபிகள், மலையாளிகள், இரண்டு சிசிலிப் பெண்கள், கழுத்தில் உருத்திராட்சம் போட்ட ஓர் இத்தாலியன், நான் என்று கிடைத்தவர்களை வைத்து அடைத்தார்கள்.

தலைவி அகமதாபாத்துக்காரி. மேலாண்மையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். சட்டப் பீடத்துக்கு எதிரிலிருந்த கோப்பிக் கடையில் என்னை மறித்தாள். எங்களுக்கிடையில் நடந்த பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

“நீ இந்தியப் பெண்ணா?”

“இல்லை. இலங்கைத் தமிழ். பிறந்தது இங்கேதான்.”

“பரவாயில்லை. மேடையில் வித்தியாசம் தெரியாது.”

அந்த இடத்திலேயே கோப்பியை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் இருந்தது, அது ஒரு மலிவான காரணம். இந்த நகரத்தில் என் நிறத்துக்கு ஒரே ஒரு பொருள்தான். வசதியான வீடுகளின் படிக்கட்டில் என்னைக் கண்டால், “நீ எந்த வீட்டில் வேலை செய்கிறாய்?” என்று கேட்பார்கள். வேலை செய்தவர் அம்மா. நான் அம்மா மறந்துவிட்டுப் போன குடையைக் கொண்டுபோனவள். சட்டம் படித்த மூன்றாம் வருடத்திலும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. இந்த இந்திய மாணவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சத்தமாகச் சிரித்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு வழி விடுவார்கள். அவர்களில் ஒருத்தியாக என்னை யாராவது தவறாக நினைத்தால் போதும் என்று இருந்தது.

ஒத்திகையில் நாங்கள் ஆடியதைவிடச் சிரித்ததுதான் அதிகம். நடுவர்கள் முகத்துக்குத் தனியாகப் புள்ளி போடுவார்களாம். தலைவி வரிசைகளுக்கு நடுவே நடந்து, கோலால் தரையைத் தட்டி, “பல்! பல்!” என்று கத்துவாள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே பல்லைக் காட்டுவோம். கால் தவறினால் மன்னிப்பு உண்டு, உதடு மூடினால் இல்லை. பல் வைத்தியரின் கதிரையில் இருக்கிற பதினான்கு பேரைப் போல அந்த மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். உருத்திராட்ச இத்தாலியன் இடைவேளைகளில் எங்களை இருத்தி, கர்பாவின் நடுவில் வைக்கும் விளக்கு கருப்பையைக் குறிக்கிறது என்று விளக்குவான். அந்த ஐந்து குஜராத்திகளுக்கும் சேர்த்துத்தான் விளக்குவான். அவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். ஆனால் எங்கள் ஆட்டத்தில் விளக்கும் இல்லை, வட்டமும் இல்லை. வட்டமாக ஆடினால் பாதிப் பேருடைய முதுகு நடுவர்களுக்குத் தெரியும். முதுகுக்குப் புள்ளி கிடையாது.

அந்தக் கூட்டத்தில் உண்மையாக ஆடத் தெரிந்தவள் ஒருத்திதான். கட்ச் பக்கத்துச் சிறு ஊர்க்காரி, மருந்தியல் மாணவி. சிறுவயது முதல் நவராத்திரியின் ஒன்பது இரவும் தெருவில் ஆடி வளர்ந்தவள். அவள் குனிந்து கை தட்டி நிமிரும்போது முழங்கால் எங்கே மடிகிறது என்றே தெரியாது. அவளைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். காரணம், அவள் சிரிக்க மாட்டாள். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன்.

“ஆடும்போது நான் எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணுகிறவள் எப்படிச் சிரிப்பாள்?” என்றாள்.

போட்டிக்கு ஒரு கதை வேண்டும். சும்மா ஆடினால் பரிசு கிடைக்காது. நடுவர்கள் கண்ணைத் துடைக்க வேண்டும். முந்தைய வருடம் வென்ற அணி வறட்சியில் வாடிய விவசாயியின் கதையை ஆடியிருந்தது. தலைவி அந்தக் காணொளியை எங்களுக்குப் போட்டுக் காட்டி, எந்த நிமிடத்தில் அரங்கம் அழுகிறது என்று நிறுத்தி நிறுத்திக் குறித்தாள். அந்த வருடம் போட்டி பலெர்மோவில் நடக்கவிருந்தது.

“நமக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவளே சொன்னாள். “நமக்குக் கடல் இருக்கிறது. படகில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கோல்களையே துடுப்பாக்கலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “உங்கள் ஆட்கள் படகில்தானே வந்தார்கள்?”

பதின்மூன்று முகங்கள் என்னைப் பார்த்தன. அந்த அணிக்கு நான் வெறும் திறப்பாக இல்லாமல் போன முதல் நிமிடம் அது.

என் அப்பா வந்தது விமானத்தில். கன்னியாஸ்திரியாக இருந்த ஓர் உறவுக்காரர் கடிதம் எழுதி ஒழுங்கு செய்து, விசாவோடு, கழுத்துப்பட்டி கட்டி, ரோமில் இறங்கி, ரயிலேறிப் பலெர்மோவுக்கு வந்தவர். படகில் ஏறியவர் அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் மன்னாரிலிருந்து புறப்பட்டு, துருக்கிக்கு வந்து, அங்கிருந்து கடலில் இறங்கியவர். அவர் எந்தக் கரைக்கும் வரவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிக் கதைப்பதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை அம்மா அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார். அன்றைக்கு மீன் சமைக்க மாட்டார்.

நான் இரண்டு பேரையும் ஒட்டினேன். மாமாவின் படகில் அப்பாவை ஏற்றினேன். அப்பா மூன்று நாள் தண்ணீர் குடிக்கவில்லை. இயந்திரம் நின்றது. பக்கத்தில் இருந்தவர் செத்தார். படகு கவிழ்ந்தது. அப்பா நீந்திச் சிசிலிக் கரைக்கு வந்தார். நான் சொல்லச் சொல்லத் தலைவியின் கண் நிறைந்தது. இரண்டு சிசிலிப் பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கட்ச்காரி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“எவ்வளவு தூரம் நீந்தினார்?”

“தெரியாது. நிறைய” என்றேன்.

என் அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. கடற்கரைக்குப் போனால் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு ஐஸ்கிறீம் சாப்பிடுகிறவர்.

அடுத்த ஆறு வாரம் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தோம். ஆறு பேர் நீலத் துணியைப் பிடித்து அலையாட்டுவார்கள். மற்றவர்கள் கோலால் துடுப்புப் போடுவோம். பிறகு புயல். எட்டு எண்ணுவதற்குள் செத்து விழ வேண்டும், ஒன்பதில் எழுந்து நேரே கொண்டாட்ட ஆட்டத்துக்குப் போக வேண்டும். சாகும்போதும் பல் தெரிய வேண்டுமா என்று ஒரு பஞ்சாபி கேட்டான். தலைவி அதைத் தீவிரமாக யோசித்து, “தெரியட்டும், நம்பிக்கையின் அடையாளம்” என்றாள். கதை சொல்லும் குரலை உருத்திராட்ச இத்தாலியன் பதிவு செய்தான். “நான் ஒரு தகப்பன். என் மகள் இன்று உங்கள் முன்னால் ஆடுகிறாள்” என்று நடுங்கும் குரலில் தொடங்குவான். அவனுடைய உண்மையான அப்பா பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தார்.

அம்மாவையும் அப்பாவையும் வரவிடாமல் செய்ய என்னால் ஆனமட்டும் பார்த்தேன். நுழைவுச்சீட்டு முடிந்துவிட்டது என்றேன். அம்மாவோ மண்டபத்தைத் திறந்துவிடுகிறவர். தலைவி நேரே அவர் கையில் மூன்று சீட்டைக் கொடுத்திருந்தாள், முதல் வரிசையில். மூன்றாவது சீட்டில் அம்மா தான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவைக் கூட்டிவந்தார். அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம், நகரசபையின் பழைய அரங்கு ஒன்று. முதலில் தூரின் அணி வந்து ஒரு விதவையின் கதையை ஆடியது. பிறகு நாங்கள். மேடை வெளிச்சத்தில் எனக்கு யாருடைய முகமும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. “நான் ஒரு தகப்பன்.” நீலத் துணி எழுந்தது. நான் சிரித்தேன். துடுப்புப் போட்டேன், சிரித்தேன், எட்டில் செத்தேன், ஒன்பதில் எழுந்தேன். கைதட்டலில் பலகை அதிர்ந்தது.

இரண்டாம் பரிசு எங்களுக்கு. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் தலைவி ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள். “அந்தத் தகப்பன் இந்த அரங்கில் இருக்கிறார்!” என்று இத்தாலியனைக் கொண்டு அறிவித்தாள். விளக்கு முதல் வரிசைக்குத் திரும்பியது. சிஞ்ஞோரா அழுதுகொண்டே அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அம்மா அசையாமல் இருந்தார்.

அப்பா மேடைக்கு வந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டால் பெட்டியைத் திறந்து எந்த இணைப்பு விழுந்திருக்கிறது என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை வாங்கினார். முப்பது வருடம் வயோதிபர்களைக் குளிப்பாட்டி ஊட்டிக் கற்றுக்கொண்ட இத்தாலிய மொழி அவருடையது. வினைச்சொற்கள் எல்லாம் ஒரே காலத்தில் நிற்கும்.

“மாலை வணக்கம். மன்னிக்க வேண்டும், அது நான் இல்லை. நான் விமானத்தில் வந்தேன். எனக்குச் சாப்பாட்டுக்குக் கோழி கொடுத்தார்கள். படகில் வந்தது என் மனைவியின் தம்பி. அவர் வந்து சேரவில்லை. நன்றி.”

எல்லாம் முடிந்தது, பரிசைப் பறிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் அந்த அரங்கத்தை நான் மதித்திருப்பேன். அவர்கள் எழுந்து நின்றார்கள். முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அப்பா சொன்னதும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி, கடைசித் திருப்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

தலைவி என் காதுக்குள் சொன்னாள்: “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? இதுதான் பலமான கதை. முதல் பரிசே கிடைத்திருக்கும்.”

வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். வீட்டில் அப்பா கழுத்துப்பட்டியைக் கழற்றும்போது, “பிள்ளை, என்னைப் பற்றிக் கதை வேணுமெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாம். நான் நல்ல கதை வைச்சிருக்கிறன்” என்றார். அம்மா சோறு போட்டார். எனக்கும் போட்டார். எனக்குப் போடாமல் விட்டிருக்கலாம் என்று இருந்தது.

நான்கு நாள் கழித்துத் தலைவி ஓர் இனிப்புப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான்கு மாடி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அம்மா கதிரை கொடுத்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

“உன் அம்மாவிடம் சொல். மிலானில் இன்னொரு போட்டி இருக்கிறது. இந்த முறை உண்மையான கதையோடு போகலாம். அவருடைய தம்பியின் படம் ஒன்று இருந்தால் பின்திரையில் போடுவோம். மரியாதையாகச் செய்வோம்.”

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

அம்மா இனிப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவவுக்கு எத்தினை வயசாம்?”

“இருபத்துநாலு.”

“அவனுக்கு இருபத்திரண்டு.” பிறகு தலைவியைப் பார்த்து, தமிழிலேயே, அவளுக்கு விளங்கும் என்பது போல நிதானமாகச் சொன்னார். “அண்டைக்கு நீங்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு செத்தனீங்கள். நான் முன்னுக்கு இருந்து பாத்தனான். படம் தரமாட்டன். மண்டபமும் இனி இல்லை. இதை எடுத்துக்கொண்டு போங்கோ.”

ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்த வருடம் நான் செய்த ஒரே நேர்மையான வேலை அதுதான்.

“புரிகிறது. வலி இருக்கும்” என்றாள் தலைவி. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாம் மாடியைத் தாண்டியிருக்க மாட்டாள், என் கைபேசியில் செய்தி வந்தது: உன்னிடம் அவருடைய படம் எதுவும் இருக்கிறதா?

நான் பதில் போடவில்லை. அணிக்கும் போகவில்லை. அவர்கள் மிலானுக்குப் போனார்கள். பின்திரையில் இணையத்தில் எடுத்த யாரோ ஒருவனுடைய முகத்தைப் போட்டு ஆடினார்கள் என்று கட்ச்காரி பிறகு சொன்னாள். அவளும் போகவில்லை. ஆறு அணிகளில் ஐந்தாவதாக வந்தார்களாம். அந்த வருடம் எல்லா அணிகளும் படகையே ஆடியதால் நடுவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. தலைவி இப்போது வடக்கே ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறாள். தன் தகுதிக் குறிப்பில், பல பண்பாடுகளைச் சேர்ந்த பதினான்கு பேரை வழிநடத்தியதாக எழுதியிருக்கிறாள். அது பொய் இல்லை.

விலை கொடுத்தவர் அம்மாதான். சிஞ்ஞோரா அந்தக் கதையை விடவில்லை. விருந்தாளிகள் வந்தால் அம்மாவைக் குசினியிலிருந்து கூப்பிட்டு, தோளில் கை போட்டு, “சொல்லு, உன் தம்பியைப் பற்றிச் சொல்லு” என்பாராம். அன்பாகத்தான் சொல்வாராம். பதினொரு வருடம் வேலை செய்த வீடு. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அம்மா வேலைக்குப் போடும் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கபோ சந்தைப் பக்கத்தில் ஒரு வைத்தியரின் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. ஆட்கள் போன பிறகுதான் வேலை, யாரோடும் கதைக்க வேண்டியதில்லை, அதுதான் வசதி என்றார்.

நான் ஒருபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இருந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மாமா எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாக.

“பெரிய நல்லவனொண்டும் இல்லை” என்றார் அம்மா. “வாயாடி. என்ரை கலியாணம் கொழும்பிலை. அவனும் அப்ப கொழும்பிலைதான் நிண்டவன். ரெண்டு பஸ் எடுத்தால் வந்திருக்கலாம். வரேல்லை. நித்திரையாப் போயிட்டானாம். நான் அவனோடை கதைக்கிறதை விட்டிட்டன்.”

“பிறகு?”

“பிறகென்ன. துருக்கியிலை நிண்டு இஞ்சை ஃபோன் எடுத்தவன். அப்பாதான் எடுத்தவர். அக்காவோடை ஒருக்கால் கதைக்கோணுமாம். நான் பக்கத்திலைதான் நிண்டனான். வேலைக்குப் போயிட்டா எண்டு சொல்லுங்கோ எண்டன்.”

கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார். கை நிற்கவில்லை. நானும் அடுத்த காயை எடுத்து வெட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “இதையும் கொண்டுபோய் ஆருக்கும் குடுத்திடாதை.”

“ஓம் அம்மா” என்றேன். இதை எழுதும்வரை, நான்கு வருடம் கொடுக்கவில்லை.